என் பேரில்

கொஞ்சம் இருங்கக்கா, சர்வர் மெதுவா இருக்குது என்று சொல்லிவிட்டு லோன் செக்‌ஷனில் இருக்கிற பொண்ணு ஷர்மிளா திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நல்லதோ கெட்டதோ முதலில் முகத்தில்தான் வரும். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலும் டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது நான் அவர் முகத்தைத்தான் தேடினேன், மாஸ்க் போட்டிருந்தார், கண் மட்டும் தெரிந்தது, அந்தக் கண் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் நின்ற பட்டறை முதலாளியைப் பார்த்தது, அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பொண்ணு மாஸ்க் போடவில்லை. மாசமாக இருக்கிறாள், ஆறோ ஏழோ இருக்கும், நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தட்டுகிறாள். உங்க வீட்டுக்காரர் பேர் சொல்லுங்கக்கா என்றாள், ராஜலிங்கம் என்றேன், இறந்த தேதி என்றாள், பங்குனி என்று ஆரம்பித்துவிட்டு இங்கிலீஷ் மாசம் சொன்னேன். அவர் பேரை நான் எப்போதும் வாயால் சொன்னதில்லை. அவர் போன பிறகுதான் கவர்மெண்ட் ஆபீஸ், பேங்க், ரேஷன் கடை என்று போகிற இடமெல்லாம் அந்தப் பேரைச் சொல்லச் சொல்லுகிறார்கள், சொல்லிச் சொல்லி அது யாரோ ஒருத்தர் பேர் மாதிரி ஆகிவிட்டது. என் பேரைக் கேட்டபோது பூங்கோதை என்று சொல்ல ஒரு நொடி ஆயிற்று. எதற்கு வந்தேன் என்பதையும் அவளிடம் எப்படியோ சொல்லி முடித்தேன். வீட்டு லோனில் இன்சூரன்ஸ் ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இருந்தால் அவர் போனதற்கு அது லோனை அடைத்துவிடும் என்று என் மகள் சொல்கிறாள். கோயமுத்தூரில் நர்சிங் படிக்கிறாள். அவள் ஹாஸ்டல் தோழிக்கு அப்படித்தான் வீடு தப்பியதாம். நீ போய்க் கேளும்மா, கேட்டா என்ன கடிச்சா வைப்பாங்க என்று ஒரு வாரமாகப் போனில் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கேட்கப் பயமாக இருந்தது என்று அவளிடம் எப்படிச் சொல்வது. கேட்காத வரைக்கும் ஒருவேளை இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். நான் வேலை பார்க்கிற கம்பெனியில் துணி செக்கிங் பண்ணும்போது, பெட்ஷீட்டை வெளிச்சத்துக்குக் காட்டி இழை விட்டுப் போயிருக்கிறதா என்று பார்க்கும்போது, மனசுக்குள் ஒரு ஓரமாக இந்த ஒருவேளை உட்கார்ந்திருக்கும். அதைத் தொடாமல் வைத்திருந்தேன். அவர்தான் அந்த விதையைப் போட்டுவிட்டுப் போனார். வீட்டுக்குத் தளம் போட்ட அன்றைக்குச் சாயங்காலம், ஈரத் தளத்தின் மேலே பாத்தி கட்டித் தண்ணீர் விட்டுவிட்டு, ஏணியில் பாதி இறங்கி நின்றுகொண்டு சொன்னார். நமக்கு ஒண்ணு ஆச்சுன்னா பேங்க்காரனே பாத்துக்குவான் கோதை, எல்லாம் லோன்லயே சேத்திப்போட்டாங்க. வாயில நல்ல வார்த்தை வராதுங்களா, நல்ல நாளும் அதுவுமா என்று நான் திட்டினேன். அவர் சிரித்தார். அதற்கு மேல் கேட்கவில்லை. யார் சேர்த்தார்கள், என்ன சேர்த்தார்கள், ஒண்ணும் கேட்கவில்லை. சிமெண்டு மூட்டை நனைந்துவிடும் என்று அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா, இருக்குது என்கிறாள் ஷர்மிளா. எனக்குக் காதில் விழுந்தது, ஆனால் விழாத மாதிரி என்னங்க என்று கேட்கிறேன், இன்னொரு தரம் கேட்க வேண்டும் என்றிருக்கிறது. இன்சூரன்ஸ் இருக்குதுங்கக்கா, லோன் குடுத்த அன்னைக்கே போட்டிருக்காங்க, ஒரே பிரீமியம், அதையும் லோன் தொகைலயே சேத்துட்டாங்க. இருங்க, இன்சூரன்ஸ் கம்பெனி பக்கத்துல முழு விவரம் வரணும், மேனேஜர் லாகின்லதான் தெரியும், கேட்டுட்டு வர்றேன். மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, கண்ணாடி அறைக்குள் போகிறாள். நான் உட்கார்ந்திருக்கிறேன். கை இரண்டும் பையின் மேல் இருக்கிறது, பையின் ஜிப்பைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன் என்பதைப் பக்கத்தில் நகைக்கடன் வைக்க வந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்த பிறகுதான் கவனிக்கிறேன். இருக்குது. இருக்குது என்றாள். அப்படியென்றால் பேங்க்காரர்கள் இனிமேல் வாசலில் வந்து நிற்க மாட்டார்கள். போன மாதம் ரெண்டு பேர் வந்தார்கள், சத்தம்கூடப் போடவில்லை, மரியாதையாகத்தான் பேசினார்கள், வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பின்பக்கச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள், அந்தத் தட்டல் சத்தம் எனக்கு ரொம்ப நாள் கேட்டுக்கொண்டே இருந்தது. இனிமேல் அது இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் போக வேண்டாம். பொண்ணு படிப்பை நிறுத்திவிட்டு ஏதாவது கிளினிக்கில் சேர்ந்துகொள்கிறேன் என்று இனிச் சொல்ல வேண்டாம். பின்பக்கம் பூசாமல் கிடக்கிற சுவரைப் பூசிவிடலாம், பூசி வெள்ளையடித்துவிட்டால், நான் எதற்கு இப்போது சுண்ணாம்பைப் பற்றி நினைக்கிறேன், அவர் செத்ததனால் கிடைத்த சுண்ணாம்பு. சந்தோஷப்படுகிறேன். நெஞ்சுக்குள் சூடாக ஒன்று பொங்குகிறது, அது சந்தோஷம்தான், எனக்குத் தெரியும், வேறு பேர் வைக்க முடியாது. தாலி அறுத்தவள் பேங்க்கில் உட்கார்ந்து சந்தோஷப்படுகிறாள். கடைசியில் வீட்டைக் கட்டி முடிச்சிட்டீங்க பாருங்க என்று அவரிடம் சொல்கிறேன், வாய் அசைந்திருக்க வேண்டும், அந்த அம்மா மறுபடியும் பார்க்கிறாள்.

பஸ்ஸுக்குள் செத்துப்போனார். யாராவது கேட்டால் ஓடுகிற பஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அப்படி இல்லை, இன்னும் ரோட்டுக்கே போகாத பஸ். பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் அவருக்கு வயரிங் வேலை. கரூரில் கட்டுகிற பஸ் கேரளா வரைக்கும் ஆந்திரா வரைக்கும் போகும், அதில் எத்தனையில் என் கை பட்ட விளக்கு எரியுது தெரியுமா என்பார். அன்றைக்குக் கண்ணாடி மாட்டாத, பெயிண்டு அடிக்காத ஒரு பஸ்ஸில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இன்டிகேட்டர் சோதித்துக்கொண்டிருந்தாராம். இடதுபக்க விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. வெளியே இருந்தவர்கள் எரியுதுண்ணா, அடுத்ததப் போடுங்க என்று கத்தியிருக்கிறார்கள். ரொம்ப நேரம் கத்தியிருக்கிறார்கள். டீ குடிக்கக் கூப்பிட வந்தவர்தான் தொட்டுப் பார்த்தாராம். மாரடைப்பு என்றார்கள். அந்த விளக்கை யார் அணைத்தார்கள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. அந்த பஸ் இப்போது எந்த ஊரில் ஓடுகிறதோ, அந்த சீட்டில் யாரோ உட்கார்ந்து இடதுபக்கம் திரும்ப அதே விளக்கைப் போடுகிறார்.

ஷர்மிளா கண்ணாடி அறையிலிருந்து வருகிறாள். நடந்து வரும்போதே என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு வருகிறாள், மாசமானவள் காலடியைப் பார்த்துத்தானே நடப்பாள் என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். உட்கார்ந்தாள். தண்ணி குடிக்கிறீங்களாக்கா என்றாள். வேண்டாங்க என்றேன். அக்கா, இன்சூரன்ஸ் இருக்குது, ஆனா அண்ணன் பேர்ல இல்ல. உங்க பேர்ல இருக்குது. எனக்குப் புரியவில்லை. அவர் போயிட்டதால என் பேருக்கு மாத்தியிருக்குதுங்களா என்று கேட்டேன். இல்லைங்கக்கா, ஆரம்பத்துல இருந்தே உங்க பேர்லதான். லோன்ல நீங்களும் கூட்டுக் கடன்தாரர். ரெண்டு பேர்ல யார் பேர்ல வேணா போடலாம். உங்களப் போட்டிருக்காங்க. அப்படின்னா என்றேன். அவள் பேனாவை மூடித் திறந்தாள். அப்படின்னா அண்ணன் இறந்ததுக்கு ஒண்ணும் வராதுக்கா. அதோடு நிறுத்தினாள், மிச்சத்தைச் சொல்லவில்லை, நல்ல பொண்ணு. மிச்சத்தை நானே சொல்லிப் பார்த்தேன், மனசுக்குள். நான் செத்திருந்தால் வந்திருக்கும்.

ஏன் அப்படிப் போட்டாங்க என்று கேட்டுவிட்டு, கேட்கும்போதே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவள் பதில் சொல்லியே ஆக வேண்டியதில்லை. லோன் கேட்டிருந்தபோது எங்கள் வாடகை வீட்டுக்கு பிரேம் ஆனந்த் என்று ஒரு பேங்க் சாரு வந்தார், சட்டையில் சென்ட் வாசம், ஹெல்மெட்டை நாங்கள் பூப்போட்ட துணி விரித்து வைத்திருந்த ஸ்டூலின் மேல் வைத்தார். நான் டீ கொடுத்தேன். சார், சுகர் பிரஷர் ஏதாச்சும் இருக்குதுங்களா என்று இவரிடம் கேட்டார். சுகர் இருக்குதுங்க, ரெண்டு வேளை மாத்திரை, பிரஷருக்கும் ஒண்ணு போடறனுங்க என்று இவர் ஒளிக்காமல் சொன்னார், பொய் சொன்னால் லோன் கிடைக்காமல் போய்விடும் என்று பயம். அந்த சாரு கொஞ்ச நேரம் பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு அக்காவுக்கு என்றார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், கண்ணெல்லாம் சிரிப்பு, அவளுக்கு ஒண்ணும் கிடையாதுங்க, கல்லு மாதிரி இருப்பா, காய்ச்சல்னு ஒரு நாள் படுத்ததில்ல. எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது, அந்தப் பெருமை. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய், அடுப்படியில் நின்று சிரித்துக்கொண்டேன், இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி வெளி ஆளிடம் அவர் சொன்ன ஒரே பாராட்டு. நான் சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அந்த மனுஷன் என் பேரை எழுதியிருக்கிறான். சுகர் இருக்கிறவர் பேரில் போட்டால் கம்பெனி டெஸ்ட் எடுக்கச் சொல்லும், தள்ளும், நாளாகும், அவனுக்கு ஒரு இன்சூரன்ஸ் விற்றாக வேண்டும், யார் பேரில் என்றால் என்ன. சாகிற மாதிரி இருக்கிறவரை விட்டுவிட்டுச் சாகாத மாதிரி இருக்கிறவளைப் பிடித்துப் போட்டான். இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, இங்க கையெழுத்து என்று விரல் வைத்துக் காட்டிக்கொண்டே போனான், நாங்கள் போட்டுக்கொண்டே போனோம். இன்சூரன்ஸ் என்ற வார்த்தையை அவன் வாயால் நான் கேட்கவே இல்லை. அதற்கும் சேர்த்து இத்தனை வருஷமாக வட்டி கட்டியிருக்கிறோம்.

மேனேஜரைப் பாக்கறேன் என்று எழுந்தேன். கண்ணாடி அறைக்குள் அவர் உட்காரச் சொன்னார், நான் நின்றேன். எங்ககிட்டச் சொல்லவே இல்லைங்க, கேக்கவும் இல்லைங்க, சம்பாதிக்கறவரை விட்டுப்போட்டு என்னைய எதுக்குங்க போட்டாங்க என்றேன். அவர் ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். இது உங்க கையெழுத்துதானேம்மா. என் கையெழுத்துதான், பூங்கோதை, கடைசி எழுத்துக் கொஞ்சம் மேலே ஏறிப்போய், சந்தோஷமாகப் போட்ட கையெழுத்து. அதில என்ன எழுதியிருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்களே, இங்கிலீசுல இருக்குதுங்களே என்றேன். தெரியாமப் போட்டேன்னு சொன்னா சட்டம் ஏத்துக்காதும்மா. அந்த சாரைக் கூப்புடுங்க, அவரே சொல்லட்டும். அவர் வேலைய விட்டுப் போய் ரொம்ப நாளாச்சும்மா, எங்க இருக்காருன்னே தெரியாது. பிறகு அவரே கொஞ்சம் இறங்கி வந்தார். சொல்லாம வித்துட்டாங்கன்னு ஒரு புகார் எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன். அதிகபட்சம் அந்த பிரீமியத்துல ஒரு பகுதி லோன் கணக்குல திரும்ப வரும், பாலிசி ரத்தாகும், அவ்வளவுதான். வேண்டாம்னா அப்படியே விட்டுடுங்க, பாலிசி பாட்டுக்கு இருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க.

யோசிக்கிறேன். மறுபடியும் ஷர்மிளா முன்னால் இருக்கிற நாற்காலியில் வந்து உட்கார்ந்து யோசிக்கிறேன். நமக்கு ஒண்ணு ஆச்சுன்னா. நமக்கு என்றாரே, அந்த நமக்கு யார்? அவரும் நானுமா, அவர் மட்டுமா, நான் மட்டுமா? யார் பேரில் என்று தெரிந்துதான் சொன்னாரா? தெரிந்திருந்தால் ஏணியில் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்த்து எப்படிச் சிரித்திருப்பார்? தெரியாது, அவருக்குத் தெரியாது, ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டிருப்பார்கள் என்று நினைத்திருப்பார், அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஆனால் அவருக்கு என்னைவிட நாலு எழுத்து இங்கிலீஷ் தெரியும், வயரிங் படம் பார்த்து வேலை செய்வார். தாளைத் திருப்பி ஒரு தரம் பார்த்திருந்தால் என் பேர் கண்ணில் பட்டிருக்கும். பட்டிருந்தால், சரி, இவள் பேரில்தான் எடுப்பான் போல, எதோ ஒண்ணு இருக்கட்டும் என்று விட்டிருப்பாரா? இந்தக் கேள்வியைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? அவர் படத்துக்கு முன்னால் நின்று கேட்டால் படம் என்ன சொல்லும்? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் மேல் வராத சந்தேகம் அவர் செத்த பிறகு வந்து உட்காருகிறது, அதையும் இந்த பேங்க் கொடுத்துவிட்டது. பிறகு அந்த இடத்திலேயே மனசு வேறு பக்கம் திரும்புகிறது. அன்றைக்கு அவருக்குப் பதிலாக எனக்கு வந்திருந்தால்? செக்கிங் டேபிளில் நான் குனிந்தபடியே கிடந்திருந்தால், இந்த நாற்காலியில் இன்றைக்கு அவர் உட்கார்ந்திருப்பார், விரல் நுனியெல்லாம் ஈயப் பற்று வைத்த கறையோடு. இருக்குதுங்கண்ணா என்று இந்தப் பொண்ணு சொல்லியிருப்பாள். வீடு தப்பியிருக்கும், மகள் படித்து முடித்திருப்பாள். அழுதிருப்பார், நிறைய அழுதிருப்பார், அழுதுவிட்டுப் பின்பக்கச் சுவரைப் பூசியிருப்பார். எல்லாருக்கும் நல்லதாக நடந்திருக்க வேண்டிய சாவு ஆள் மாறி விழுந்துவிட்டது. தப்பான ஆள் உயிரோடு இருக்கிறேன்.

போன் அடிக்கிறது. மகள் சுடர். என்னம்மா சொன்னாங்க. பாத்துட்டு இருக்காங்க கண்ணு. இன்னுமா? சர்வர் மெதுவா இருக்குதாம். சரி சரி, நான் வார்டுக்குப் போறேன், சாயந்தரம் பேசறேன், இருந்தா எனக்கு மெசேஜ் போடு. இருக்குது என்று சொன்னால் அதுவும் பொய் இல்லை. போனை வைத்துவிட்டுப் பார்க்கிறேன், ஷர்மிளா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அக்கா, நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க, ரத்துப் பண்ண வேண்டாம், இருந்துட்டுப் போகட்டும் என்று மெதுவாகச் சொல்கிறாள், மேனேஜர் காதில் விழக் கூடாது என்பது போல. திரும்பி வர்ற பணம் ரெண்டு மூணு தவணைக்குக் காணாது. இருந்துச்சுன்னா, நாளைக்கு உங்களுக்கு ஏதாச்சும், அப்படி ஆகக் கூடாது, ஆனா ஆச்சுன்னா பாப்பாவுக்கு வீடு கடனில்லாமக் கெடைக்கும். அவள் சொல்வது நியாயம். யாரிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். என் மகளும் அதைத்தான் சொல்வாள், எனக்குத் தெரிந்த ஒன்று அவளுக்குத் தெரியாது என்பதனால் அப்படிச் சொல்வாள்.

அது என்னவென்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் போனதிலிருந்து சில நாள் வேலை முடிந்து அமராவதி பாலத்தில் நடந்து வரும்போது கால் தானாக நின்றுவிடும். தண்ணீர்கூடப் பெரிதாக இருக்காது, கோரையும் சாயக் கழிவும்தான், ஆனாலும் நிற்கும். போதும் என்று ஒரு குரல் வரும், என் குரல்தான், சத்தமில்லாமல், சோறு போதும் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாக. ஒவ்வொரு தரமும் சுடர்தான் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள், அவள் முகம், ஹாஸ்டலில் இருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழட்டாமல் அடுப்படிக்கு வந்து என்னம்மா இருக்குது என்று கேட்பது. நான் போய்விட்டால் அவளுக்கு யார் என்று நினைத்த உடனே கால் நகர்ந்துவிடும். அந்த ஒரு நினைப்பு மட்டும்தான் இத்தனை நாள் என் பக்கம் நின்றது. இப்போது இந்தக் காகிதம் அதைத் திருப்பிப் போடுகிறது. நீ போனால்தான் அவளுக்கு வீடு என்கிறது. இனிமேல் பாலத்தில் கால் நின்றால், என்னை இழுத்து வந்த அதே முகம் என்னைத் தள்ளும். நான் கல்லு மாதிரி என்று அவர் சொன்னது உடம்பைப் பற்றி. மனசு அப்படி இல்லை என்று அவருக்கும் தெரியாது. இதைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் அந்தப் பாலத்தைத் தாண்டுவேன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்காக வேறு வழியில் போகலாம், ஊரைச் சுற்றிக்கொண்டு. வழியை மாற்றலாம். ஆனால் இந்தக் காகிதம் வீட்டில் பீரோவுக்குள் இருந்தால் அதை எந்த வழியில் போய்த் தாண்டுவது?

பேப்பர் குடுங்க கண்ணு, எழுதறேன் என்றேன். அக்கா, நல்லா யோசிச்சுக்குங்க. யோசிச்சுட்டேங்க. பாப்பாவுக்காகவாச்சும் என்று ஆரம்பித்தாள். பாப்பாவுக்காகத்தான் என்றேன். என் குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது, நகைக்கடன் அம்மா திரும்பினாள், வாசலில் நின்ற செக்யூரிட்டியும் பார்த்தார். ஷர்மிளா என்னை நிமிர்ந்து பார்த்தாள். என்ன தெரிந்ததோ அவளுக்கு, வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டாள், கை வயிற்றின் மேல் போய் நின்றது. பிறகு வெள்ளைத் தாள் எடுத்து என் முன்னால் வைத்து, பேனாவையும் திறந்து கொடுத்தாள். தமிழ்லயே எழுதுங்கக்கா, நான் பாத்துக்கறேன் என்றாள். எழுதினேன். எங்களிடம் சொல்லாமல் என் பேரில் இன்சூரன்ஸ் போட்டிருக்கிறார்கள், சம்பாதித்த என் வீட்டுக்காரர் பேரில் போடவில்லை, அவர் இறந்துவிட்டார், எனக்கு இது வேண்டாம், ரத்துச் செய்துவிட்டுக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. ஏன் வேண்டாம் என்பதற்குக் காரணம் எழுத வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாங்கக்கா என்றாள். கையெழுத்துப் போட்டபோது கடைசி எழுத்துக் கீழே இறங்கிவிட்டது, பழைய கையெழுத்து மாதிரி இல்லையே, ஒத்துப்போகாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். அவள் தாளை வாங்கிக்கொண்டு முத்திரை வைத்து, நகல் எடுத்துக் கொடுத்தாள். எழுந்து என் கூடவே கதவு வரைக்கும் நடந்து வந்தாள், வர வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. வீட்டைப் பத்தி என்னங்கக்கா பண்ணப் போறீங்க என்றாள். விக்கறதுதான், வித்து அடைச்சுட்டு மிச்சம் இருந்தா அவ படிப்புக்கு என்றேன். சொன்ன பிறகுதான் நான் அதை முடிவு பண்ணியிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அவர் ஈரத் தளத்தில் நின்ற வீடு. அழுகை வரவில்லை. உள்ளே எல்லாம் காலியாகி, யாரோ கூட்டிப் பெருக்கிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

வெளியே வெயில் கண்ணைக் கூசுகிறது. ரோட்டில் நூல் மூட்டை ஏற்றிய வேன் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போகிறது, நான் ஓரமாக ஒதுங்கி நிற்கிறேன், நன்றாகவே ஒதுங்கி. சாயந்தரம் வரைக்கும் வைத்திருந்தால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. சுடருக்குப் போன் அடித்தேன். வார்டுல இருக்கியா கண்ணு. பரவால்ல சொல்லும்மா, இருக்குதா? அப்பா பேர்ல இல்ல. அந்தப் பக்கம் பின்னால் யாரோ ஒரு நோயாளி இருமுவது கேட்டது. அப்புறம் மெதுவாக, பேர்ல இல்லன்னா, அப்ப யார் பேர்லம்மா இருக்குது என்றாள். கெட்டிக்காரி. எப்போதும் இப்படித்தான், ஒரு வார்த்தையை விட மாட்டாள்.

என் பேர்ல இருந்துச்சு கண்ணு, என்றேன். இப்ப யார் பேர்லயும் இல்ல.

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, வார்டிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நீ அங்கயே நில்லும்மா, நான் அடுத்த பஸ்ஸுக்கு வர்றேன் என்றாள். வேலைய விட்டுப்போட்டு எதுக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வா என்று வந்தது.